விடத் தெரிந்த காந்தம்

பள்ளிப் புத்தகத்தில் காந்தம் ஓரிடத்தில் வரும். மின்காந்தம் பல ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் வரும். மின்திறன் தனி அத்தியாயம். தமிழ்ப்பள்ளியில் லாடக் காந்தத்தை வைத்துக் கிளிப்பும் குண்டூசியும் பொறுக்கி விளையாடிய பிள்ளை, ஐந்தாம் படிவத்துக்கு வரும்போது மலாயில் சூத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறது. அன்று பொறுக்கிய ஊசிக்கும் இன்று வீட்டுக்கு வரும் லெட்ரிக் பில்லுக்கும் உறவு உண்டு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பரீட்சையில் மதிப்பெண் இல்லை என்பதாலும் இருக்கலாம்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும். பழைய ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுற்றிலும் செம்பனை, நடுநடுவே பழைய ஈயக்குட்டைகள். இங்கே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷனில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். காந்தப் பாடம் வந்தால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், எவ்ளோ தூக்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. எப்போது விடும்?

இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் பெசி புரோக் கடை. பழைய இரும்பு வாங்குகிற இடத்தைத்தான் சொல்கிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் கடையில் கிரேன் நுனியில் வட்டமான தட்டு ஒன்று தொங்கும். துருப்பிடித்த சைக்கிள், கார் கதவு, தகரம் எல்லாவற்றையும் அள்ளி லாரிக்கு மேலே கொண்டுபோய் ஒரே நேரத்தில் கொட்டும். அதை ஓட்டும் அண்ணனிடம் என் மாணவன் ஒருவன் போய், "அண்ணே, இவ்ளோ பெரிய காந்தம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டானாம். "காந்தமா? சுவிட்ச அடைச்சா இது வெறும் இரும்புடா" என்று அவர் சிரித்திருக்கிறார். ஒரு வாரமாக நான் போர்டில் எழுதி விளக்க முயன்றதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தத் தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது, நடுவில் இரும்பு. சுருளில் நேர்மின்னோட்டம் பாயும்போது இரும்பு காந்தமாகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதே இடத்தில் நிலைக்காந்தம் ஒன்றைத் தொங்கவிட்டால் அதுவும் இரும்பை அள்ளும், சந்தேகமில்லை. ஆனால் அள்ளியதை லாரியில் போட ஆட்களைக் கடப்பாரையோடு நிறுத்தவேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் அந்தக் கடையில் பார்க்கலாம். கடை முதலாளியான தவுக்கே கையில் சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். எவர்சில்வர் பாத்திரம் வந்தால் அதில் ஒட்டிப் பார்ப்பார். நல்ல ரகமாக இருந்தால் ஒட்டாது, அல்லது ஒட்டியும் ஒட்டாததுமாக நழுவும். பாத்திரத்தின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் பிடிப்பதும் உண்டு. அடித்து வளைக்கும்போது அந்த இடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறிவிடுவதுதான் காரணம். அலுமினிய டின், செம்புக் கம்பி எதுவும் ஒட்டாது. உலோகம் என்றாலே காந்தத்துக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இனி வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டே தீரும் கேள்விக்கு வருவோம். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிய காந்தம் பல வருடம் அப்படியே இருக்கிறது, அதற்கு எந்த மின்சாரமும் வேண்டாம். கிரேன் காந்தம் மட்டும் ஏன் நொடிக்கு நொடி மின்சாரம் தின்கிறது? இரும்பை அந்தரத்தில் அசையாமல் வைத்திருப்பதற்கு இயற்பியல் கணக்கில் வேலை எதுவும் தேவையில்லை. அப்படியானால் அந்த மின்சாரம் எங்கே போகிறது? முழுவதும் கம்பியின் தடையில் சூடாகத்தான் போகிறது. ஒரு நாள் முழுக்க ஓடிய காந்தத் தட்டு தகிக்கும். பிடிப்பதற்கு ஆகும் செலவு அல்ல அது, எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்ற உரிமைக்கு நாம் கட்டும் வாடகை.

இதன் வரலாறு சுருக்கமானதுதான். 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். ஐந்து ஆண்டில், செருப்புத் தைக்கப் பழகி வளர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர், 200 கிராம் அளவு இரும்பை லாடமாக வளைத்துக் கம்பி சுற்றி 4 கிலோவைத் தூக்கிக் காட்டினார். அவர் கம்பிக்கு உறை போடவில்லை. இரும்புக்குத்தான் வார்னிஷ் பூசினார், அதனால் சுற்றுகளை ஒன்றோடொன்று படாமல் தள்ளித் தள்ளிச் சுற்றவேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே உறை சுற்றி, நெருக்கமாக அடுக்கடுக்காகப் போட்டார். 1831இல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த உறைதான். பெரிய கொள்கை எதுவும் மாறவில்லை. கம்பிக்குச் சட்டை போட்டதும் கிலோக்கள் டன்னை நெருங்கிவிட்டன.

நாங்கள் வகுப்பில் ஆணியில் எனாமல் கம்பியைச் சுற்றிப் பேட்டரி வைக்கும்போது முதலில் பாதிப் பேருக்கு வேலை செய்யாது. கம்பி நுனியில் இருக்கும் பூச்சைச் சுரண்டியிருக்கமாட்டார்கள். சுரண்டினதும் குண்டூசி ஒட்டும், கம்பியும் சுடும், ஆகவே ரொம்ப நேரம் பிடிக்கக் கூடாது. அப்புறம் புத்தகத்தில் உள்ளபடி சுற்றுகளை இரட்டிப்பாக்குவார்கள், இரண்டு மடங்கு ஊசி வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வராது. சுற்று கூடினால் கம்பியின் நீளம் கூடுகிறது, நீளம் கூடினால் தடை கூடுகிறது. தடை முழுவதும் கம்பியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுற்றை இரட்டிப்பாக்கும்போது மின்னோட்டம் பாதியாகிவிடும். இரண்டையும் பெருக்கினால் முன்பிருந்த அதே தொகை. லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து எடுக்கும் திறனும் பாதியாகிறது, கம்பி சுடுவது குறைகிறது. 'மின்னோட்டத்தை மாற்றாமல் சுற்றை மட்டும் கூட்டினால்' என்ற நிபந்தனை புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. அந்த நிபந்தனையைப் படிக்கிற பிள்ளைதான் இல்லை.

இன்னொரு விஷயம். பேட்டரியை எடுத்த பிறகும் ஆணியில் ஓரிரண்டு ஊசிகள் தொங்கிக்கொண்டே இருக்கும். தேனிரும்பாக இருந்தால் எல்லாம் விழும்; கடை ஆணி எஃகு, அது பிடித்ததை முழுசாக விடாது. பிள்ளைகள் இதைச் சோதனையின் தோல்வி என்று நினைத்து ஊசியை விரலால் தட்டிவிடுவார்கள். அந்த மிச்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

விடுவது எவ்வளவு முக்கியம் என்பதைத் தோட்டத்து லாரி காலையில் சொல்லும். பேட்டரி இளைத்துப்போன லாரியில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுழலாது, 'டக் டக் டக் டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஸ்டார்ட்டரின் மேலே உட்கார்ந்திருக்கும் மின்காந்தச் சுருள் போடும் சத்தம் அது. சுருள் இழுக்கிறது, பெரிய மோட்டாருக்கு இணைப்பு கிடைக்கிறது. மோட்டார் ஒரேயடியாக மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்ததும் சுருளுக்குப் பலம் போய் விட்டுவிடுகிறது. மோட்டார் துண்டிக்கப்படுகிறது, மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. டிரைவர் இதைக் கேட்டதும், "பேட்டரி வீக்கு, தள்ளுங்கப்பா" என்பார். மின்சார மணி வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய இதுவேதான். அங்கே வேண்டுமென்றே செய்கிறோம், இங்கே வேண்டாத நேரத்தில் நடக்கிறது.

இதுவரை மின்சாரத்திலிருந்து காந்தம். மறுபக்கம், காந்தத்திலிருந்து மின்சாரம். 1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டார். அவரும் புத்தகம் பைண்டிங் செய்யப் பழகியவர்தான். அவர் கண்டதன் சாரம் ஒரு வரியில் அடங்கும்: காந்தம் சுருளுக்குள் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது, காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மின்சாரம் வரும்.

என் அப்பா செம்பனை ஆலையில் பாய்லர்மேன். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான் பாய்லருக்கு விறகு. அதில் வரும் நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கியர்பாக்ஸ் வழியாக ஜெனரேட்டரைச் சுழற்றும். வெளியே வரும் நீராவியும் வீணாகாது, குலைகளை வேகவைக்கப் போகும். ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். ஏன் 1,500? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவம் உள்ள ஜெனரேட்டர் ஒருமுறை சுற்றினால் இரண்டு அலை கிடைக்கும். நொடிக்கு 50 அலை வேண்டுமென்றால் நொடிக்கு 25 சுற்று, நிமிடத்துக்கு 1,500. பாடத்தில் வெறும் எண்ணாக வரும் 50, ஆலையில் காதுக்குக் கேட்கும்.

அப்பாவும் காதால்தான் வேலை பார்த்தார். உள்ளே பிழியும் இயந்திரத்தின் பெரிய மோட்டாரைப் போட்டால் டர்பைனின் சத்தம் மாறும் என்பார். யாரோ எங்கோ ஒரு சுவிட்சைத் தட்டுகிறார்கள், இங்கே நூறு அடிக்கு அப்பால் இரும்புத் தண்டு கனக்கிறது. ஜெனரேட்டர் மின்னோட்டம் கொடுக்கத் தொடங்கியதும், அந்த மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிச் சுழற்சியை எதிர்க்கிறது. லென்ஸ் என்ற அறிஞர் 1834இல் சொன்ன விதி இது. சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்துச் செம்பனைக் காட்டு வழியே இரவில் மிதித்தவர்களுக்கு இது தொடைக்குத் தெரிந்த உண்மை. டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். உராய்வு ஒரு பங்கு, எதிர்ப்பு ஒரு பங்கு. பல்பு பியூஸ் ஆகிவிட்டால் கொஞ்சம் இலேசாகும்.

வாட்சாப்பில் சுற்றும் அந்த வீடியோக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றாடி மோட்டாரைச் சுற்றி நாலு காந்தம் ஒட்டுவார்கள், பல்பு எரியும், எரிபொருளே வேண்டாம் என்பார்கள். மேசைக்கு அடியில் எங்கே பேட்டரி இருக்கிறது என்று தேடுவதே மிச்சம். காந்தம் எரிபொருள் அல்ல. சுழற்றுகிறவன் கொடுக்கும் சக்திதான் மின்சாரமாக மாறுகிறது. மிதிக்காமல் சைக்கிள் விளக்கு எரிந்ததை யாரும் பார்த்ததில்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் 'பில்லைக் குறைக்கும்' பெட்டியும் இதற்குச் சொந்தக்காரன்தான். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது செலவான யூனிட்டை. அந்தப் பெட்டி அதைத் தொடுவதில்லை.

சரி, ஆணியில் தொங்கிய ஊசிக்கு வருவோம். ஜெனரேட்டருக்குள் இருக்கும் காந்தம் பெரும்பாலும் நிலைக்காந்தம் அல்ல, மின்காந்தம். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்தைத் தருவதே அதுதான் என்றால் முதல் மின்சாரம் எங்கிருந்து வரும்? நேற்று ஓடியபோது இரும்பில் ஒட்டிக்கொண்ட மிச்சக் காந்தம்தான் தொடங்கிவைக்கிறது. அந்தச் சொற்பக் காந்தம் சொற்ப மின்சாரத்தைத் தரும், அது காந்தத்தைக் கொஞ்சம் கூட்டும், கூடிய காந்தம் இன்னும் கொஞ்சம் மின்சாரம் தரும், நொடிகளில் முழு அழுத்தம் வந்துவிடும். தோட்டத்து டீசல் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் சில சமயம் இந்த மிச்சமும் போய்விடும். என்ஜின் நன்றாக ஓடும், விளக்கு எரியாது. அப்போது சார்ஜ்மேன் லாரி பேட்டரியைக் கொண்டுவந்து காந்தச் சுருளில் ஒரு கணம் தொட்டு எடுப்பார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் விளக்கு வந்துவிடும். சின்ன வயதில் எனக்கு அது மந்திரவாதி வேலையாகத்தான் பட்டது. விடுவதைப் பற்றி இவ்வளவு பேசினேன், இரும்பு முழுசாக விட்டிருந்தால் லயத்துக்கு வெளிச்சமே வந்திருக்காது.

அந்த வெளிச்சத்துக்கும் நேரம் உண்டு. இருட்டும்போது வரும், பத்து மணிக்கு அணையும். ஜெனரேட்டருக்குப் பக்கத்து லயத்தில் பல்பு வெள்ளையாக எரியும், கடைசி லயத்தில் மஞ்சளாக. கிராணிக்கு வேண்டியவர்களுக்கு நல்ல கரண்டு கொடுக்கிறார்கள் என்று கடைசி லயத்தில் ஒரு பேச்சே இருந்தது. உண்மைக் காரணம் கம்பிதான். ஜெனரேட்டரின் மின்சாரம் அழுத்தம் கூட்டப்படாமல் நேராக நீளமான கம்பியில் போனது. 2,300 வாட் அனுப்ப 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியர்கூட வேண்டாம். கம்பியில் சூடாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது; ஆகவே அதே கம்பியில் இழப்பு ஏறக்குறைய 2,300 மடங்கு குறையும். இதற்காகத்தான் நம் செம்பனைக்கு மேலே போகும் கோபுரங்களில் 132, 275, 500 கிலோவோல்ட் என்று அழுத்தத்தை ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஏற்றி இறக்குவது டிரான்ஸ்பார்மர். அதற்குள் இருப்பதும் ஓர் இரும்பு, இரண்டு சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தம்.

மலாயாவின் மின்சாரக் கதையே எங்களுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1894இல் ராவாங்கில் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமி பிள்ளைதான். 1900இல் ரவூப் பக்கம் செம்பாமில் தங்கச் சுரங்கத்துக்காக நீர்மின் நிலையம் வந்தது. ஈயத்துக்கும் தங்கத்துக்கும் முதலில் கிடைத்த மின்சாரம், ரப்பர் சீவியவர்களின் லயத்துக்கு வந்துசேர எத்தனை தலைமுறை ஆனது என்பது பாடநூலில் வராத கணக்கு. ஒரே ஒரு மாலை மட்டும் அது தலைகீழானது. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் மின்சாரம் போனபோது, பட்டணம் இருண்டு கிடக்க, சொந்த டர்பைன் ஓடிய ஆலை லயத்தில் விளக்கு எரிந்தது. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டார்கள்.

இன்று எல்லா வீட்டிலும் மின்வாரியமான தெனாகாவின் மின்சாரம். அதனால் திறன் பாடத்தைப் பில்லிலிருந்தே நடத்துகிறேன். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். குளியலறை வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 3,600 வாட். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். 75 வாட் காற்றாடி எட்டு மணி நேரம் ஓடினாலும் அதே 0.6 யூனிட்தான். ராத்திரி முழுக்க ஓடும் காற்றாடியைத் திட்டும் அம்மாக்கள் குளியலறைக் கதவைத் தட்டுவதே இல்லை. அதே ஹீட்டரை 3,600 வகுத்தல் 230 என்று போட்டால் 15 ஆம்பியருக்கு மேல் வரும். 13 ஆம்பியர் பிளக்கில் அது ஓடக் கூடாது என்பதும், தனிக் கம்பி தனி சுவிட்ச் ஏன் என்பதும் இந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் குளியலறையில்தான் விடத் தெரிந்த காந்தம் உயிரைக் காப்பாற்றுகிறது. மெயின் பெட்டியில் 'T' என்று எழுதிய பொத்தானோடு இருக்கும் கசிவுத் துண்டிப்பான் (RCCB) கருவியைப் பார்த்திருப்பீர்கள். மின்னல் இடித்தால் பட்டென்று விழுமே, அது. அதற்குள் காந்தமாகக்கூடிய உலோக வளையம் ஒன்று. வீட்டுக்குள் போகும் கம்பியும் திரும்பி வரும் கம்பியும் அதன் வழியே போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும், வளையத்தில் காந்தம் எழும், அது மூன்றாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். பல கருவிகளில் சுவிட்சின் கொக்கியைப் பிடித்திருப்பது ஒரு குட்டி நிலைக்காந்தம். தூண்டப்பட்ட மின்சாரம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, ஸ்பிரிங் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியரில் விழும் ரகம் போடவேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று சிலர் அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அப்படி இணைத்துத் தருகிற வயர்மேனும் ஊரில் இருக்கிறார். அடிக்கடி விழுந்தால் குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை. ஈரம் ஏறிய ஹீட்டரோ பழைய குளிர்சாதனப்பெட்டியோ எங்கோ கசிகிறது. ஒவ்வொன்றாகப் பிளக்கை எடுத்துவிட்டு சுவிட்சைத் தூக்கிப் பார்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். மாதம் ஒருமுறை அந்த 'T' பொத்தானை அழுத்துங்கள். வீடே இருண்டால் சரி, தூக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அன்றைக்கே சான்றிதழ் உள்ள ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள், அதுவரை ஹீட்டரைப் போடாதீர்கள்.